பிள்ளை டிபென்ஸ் விளையாடுகிறானா? சாணை பிடிக்கிறவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்

ஸ்காபரோவில் ஓர் ஐஸ் அரங்கத்தின் மூலையில், பெட்டிக்கடை அளவுக் கடையொன்றில் பதினாறு வருடமாக ஸ்கேற்றுக்குச் சாணை பிடிக்கிறேன். ஊரில் சைக்கிளில் கல்லைப் பூட்டிக்கொண்டு கத்தி, கத்தரிக்கோல் தீட்ட ஒருவர் வருவாரே, அதே தொழில்தான். கல் மட்டும் இங்கே மோட்டாரில் சுற்றுகிறது. என் சின்ன மகன் ஏழு வயதிலிருந்து பதினெட்டு வரை ஐஸ் ஹொக்கி விளையாடினான், முழுக்க டிபென்ஸ். அதாவது பின்கள வீரன். எனவே கடைக்காரனாகவும் பார்த்திருக்கிறேன், குளிரில் கைவிரல் விறைக்க வாங்கிலில் உட்கார்ந்திருக்கும் தகப்பனாகவும் பார்த்திருக்கிறேன்.

மாதத்தில் ஒரு தமிழ்த் தாயோ தகப்பனோ கடைக்கு வந்து கேட்பார்: “அண்ணை, கோச் இவனைப் பின்னுக்குப் போட்டிட்டார். முன்னுக்கு விடச் சொல்லிக் கேக்கட்டோ?”

கேட்காதீர்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. வடமராட்சியில் நாங்கள் பந்தடித்த காலத்தில் ஓட ஏலாதவனைத்தான் பின்னுக்கு விடுவோம். அந்த நினைப்போடுதான் கனடாவுக்கு வந்தோம். இங்கே கதை வேறு. பின்னோக்கிச் சறுக்கத் தெரிந்தவனை, அவசரத்தில் தலை கெடாதவனைத்தான் கோச் பின்னுக்கு எடுக்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். வட அமெரிக்காவின் ஆக மேல்மட்ட ஹொக்கி லீக்கான என்.எச்.எல் ஆட்டத்தில் ஓர் அணிக்கு வழமையாக முன்கள வீரர் 12 பேர், பின்கள வீரர் 6 பேர், கோலைக் காக்கிற கோலி 2 பேர். ஒரே நேரத்தில் ஐஸில் முன்னுக்கு மூன்று பேர், பின்னுக்கு இரண்டு பேர். ஆட்டம் 60 நிமிடம். முன்னுக்கு உள்ள 180 நிமிடத்தைப் பன்னிரண்டு பேர் பங்குபோட்டால் ஆளுக்குப் பதினைந்து. பின்னுக்கு உள்ள 120 நிமிடத்தை ஆறு பேர் பங்குபோட்டால் ஆளுக்கு இருபது. நல்ல பின்கள வீரன் 25 நிமிடத்தையும் தொடுவான். முக்கால் நிமிடம் ஓடி, மூச்சு வாங்க வாங்கில் உட்கார்ந்து, திரும்பவும் இறங்குவது. பிள்ளைகளின் ஆட்டத்திலும் ஆட்கள் இதே விகிதத்தில் இருந்தால் இதே கணக்குத்தான். காசு கட்டுகிறீர்கள், பிள்ளை அதிகம் விளையாட வேண்டும் என்றால் பின்னுக்கு நிற்பதே லாபம்.

கௌரவம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. காலையில் டபுள் டபுள் கோப்பி வாங்க வரிசையில் நிற்கிறோமே, அந்தக் கடையின் பெயர் ஒரு பின்கள வீரருடையது. ரிம் ஹோர்ட்டன், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ். 1962, 1963, 1964, 1967 என்று நான்கு ஸ்டான்லி கோப்பைகள் வென்றவர். அந்தக் காலத்து ஆட்டக்காரர் பலர் பக்கத்தில் இன்னொரு வருமானமும் தேடினார்கள்; அவர் 1964-இல் ஹமில்ட்டனில் டோனட் கடை திறந்தார். 1974-இல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 44. அப்போதும் பஃபலோ அணிக்கு விளையாடிக்கொண்டிருந்தார். 44 வயதில்! கோப்பி குடிக்கும்போது இதையும் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோலை எண்ணாதீர்கள்

முதல் மூன்று வருடம் நான் ஒரு சின்னக் கொப்பியில் மகனின் கோல்களை எழுதி வந்தேன். ஒரு சீசன் முழுக்க இரண்டு கோல். கொப்பியைப் பார்க்க எனக்கே வெட்கம். பிறகு ஒருநாள், சாணைக்கு வந்த ஒரு வயதான கோச், கொப்பியைக் கண்டுவிட்டுச் சிரித்தார். “இதை விடு. அவன் எத்தனை தரம் தோளுக்கு மேலால் பார்க்கிறான் என்று எண்ணு” என்றார்.

அது என்னவென்றால், எதிரணி பக்கை, அதாவது மட்டையால் அடிக்கிற றப்பர் வட்டை, நம் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வரும். அதை எடுக்கப் போவது பின்கள வீரன். போகும்போது அவன் முகம் சுவரைப் பார்த்திருக்கிறது, முதுகு எதிரிக்கு. பக்கைத் தொட்ட அடுத்த விநாடி ஒருவன் வந்து மோதுவான். ஆகவே பக்கை எட்டுவதற்கு முன்பே தலையைத் திருப்பி ஒரு பார்வை, மற்றத் தோளுக்கு மேலால் இன்னொரு பார்வை. யார் வருகிறான், எந்தப் பக்கத்தால் வருகிறான், நம்மவன் எங்கே நிற்கிறான். அந்த இரண்டு பார்வைக்குள் முடிவெடுத்துவிட வேண்டும்: கோலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டாளிக்கா, சுவரோடு சுற்றி அடிப்பதா, நடுவில் இறங்கி வருகிறவனுக்குச் சின்னதாக ஒரு பாஸா, இல்லை வந்த வழியே உடம்பைத் திருப்பி எதிரியை வெறும் சுவரில் விடுவதா.

பார்க்காமல் போகிற பிள்ளை பக்கைத் தொட்ட பிறகு யோசிப்பான். அப்போது அடி விழுந்துவிடும், பக்கும் போய்விடும். பத்து வயதுப் பிள்ளை பத்துத் தரம் மூலைக்குப் போனால் ஆறு தரமாவது தலையைத் திருப்பினால் சந்தோஷப்படுங்கள். என் மகன் தொடக்கத்தில் பத்துக்கு ஒன்று. வீட்டு நிலவறையில் ரென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து, அவன் எடுக்கப் போகும்போது நான் பின்னால் நின்று விரல் காட்டுவேன். “எத்தனை?” என்று கேட்பேன். பார்த்திருந்தால் சொல்வான். அந்தக் குளிர்காலம் முடிய ஏழாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் சத்தம் தாங்கவில்லை.

மற்றது இடைவெளி. எதிரி பக்கோடு நேரே வருகிறான், நம் பிள்ளை பின்னோக்கிச் சறுக்குகிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மட்டை நீளம், அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான் இருக்க வேண்டும். பயந்த பிள்ளை பின்வாங்கிப் பின்வாங்கிக் கோலியின் மடியில் போய் உட்காருவான். எங்கள் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டிலேயே எதிரியை மறிக்கிறவன்தான் கெட்டிக்காரன். கண் பக்கில் இருக்கக் கூடாது. பக் ஏமாற்றும், தோள் ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது. கண் நெஞ்சில், மட்டை நுனி பக்கில்.

இதைப் படித்து விளங்காது, பார்க்க வேண்டும். லீஃப்ஸ் டிக்கெட் விலைக்கு ஊருக்கே போய் வரலாம். எக்ஸிபிஷன் பிளேஸில் லீஃப்ஸுக்கு அடுத்த படி அணியான மார்லீஸ் விளையாடுகிறது, அங்கே கூட்டிப் போங்கள். ஒரு நாள் ஒரே ஒரு பின்கள வீரனைத் தெரிவுசெய்து, பக் எங்கே போனாலும் அவனை மட்டும் பாருங்கள். கோலுக்குப் பின்பக்கமாக, உயர்ந்த வரிசையில் இருந்தால் இடைவெளி வடிவாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் எழும்பிக் கத்தும்போது நீங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை.

கத்தி

என் தொழிலைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதாவிட்டால் எப்படி. ஸ்கேற்றின் கத்தி தட்டையாக இருப்பதில்லை. கல்லால் நடுவில் நீளத்துக்கு ஒரு குழி எடுப்போம். அதனால் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு நிற்கும். குழியை அங்குலக் கணக்கில் சொல்வோம்: அரை அங்குலம், எட்டில் ஐந்து, எட்டில் மூன்று. எண் சிறுக்கச் சிறுக்கக் குழி ஆழம், ஐஸில் பிடி அதிகம். பிடி அதிகமென்றால் சறுக்கல் குறைவு. பாரம் குறைந்த பிள்ளைக்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும். பெரிய ஆளுக்கு ஆழம் குறைந்தது போதும். இதைத் தவிர, கத்திக்கு அடியில் மெல்லிய வளைவு ஒன்றும் உண்டு. வளைவு நீண்டிருந்தால் ஐஸில் அதிகக் கத்தி படும், ஆள் நிலையாக நிற்பான். பின்கள வீரர் பலர் அதைத்தான் விரும்புவார்கள், பின்னோக்கிப் போகிறவனுக்கு நிலை முக்கியம்.

மகனுக்குப் பதின்மூன்று வயதில், கால் இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு, அன்பு மிகுந்துபோய், வழமையான அரை அங்குலத்தை விட்டு எட்டில் மூன்று பிடித்துக் கொடுத்தேன். கூராக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. அடுத்த நாள் இரண்டாம் பகுதியில் முன்னோக்கி வந்து பின்னோக்கித் திரும்பும்போது கத்தி ஐஸைக் கௌவிப் பிடித்துக்கொண்டது. ஆள் முதுகடிக்க விழுந்தான். எதிரி ஆறுதலாகப் போய்க் கோல் போட்டான். ஒன்றுக்குப் பூச்சியம் தோல்வி. காரில் அவன் ஒன்றும் கதைக்கவில்லை. “என்ன நடந்தது?” என்று கேட்டதற்கு, “நீங்கள்தான் சொல்ல வேணும் அப்பா” என்றான். இருபது வருடத்துக்குப் பிறகும் கல்யாண வீட்டில் சொல்லிக் காட்டுவான் என்று நினைக்கிறேன்.

ஆகவே பெரிய ஆட்டத்துக்கு முதல் நாள் எதையும் மாற்றாதீர்கள். குழியையோ, புது ஸ்கேற்றையோ, மட்டையையோ. மாற்றுவதென்றால் பயிற்சி நாளில். சாணை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கத்தியின் மேல் ஒரு காசைக் குறுக்காக வையுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் விளிம்பு இரண்டும் சமனில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள், என் கடையென்றாலும்.

மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கிறான் என்பதிலும் கை வைக்காதீர்கள். கனடாவில் வலக்கைப் பழக்கக்காரர் பலர் இடப்பக்கமாக அடிப்பார்கள், வலக்கை மட்டையின் மேல்நுனியில் இருக்கும். வலப்பக்கம் அடிக்கிற பின்கள வீரர் குறைவு. அதனால் பெரிய அணிகளில் அவர்களுக்கு விலை அதிகம். அதற்காகப் பிள்ளையின் கையைத் திருப்பினால், பேனாவை இடக்கையிலிருந்து பிடுங்கி வலக்கையில் கொடுத்த அந்தக் காலத்து வாத்தியார் மாதிரித்தான்.

பதினைந்து வயது

ஒன்ராறியோவில் வழி ஏறக்குறைய இப்படி. முதலில் ஹவுஸ் லீக். பிறகு தெரிவுசெய்த அணிகள்: ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. ரொறன்ரோவில் இந்தப் பிள்ளைகள் அணிகளின் லீக் ஜி.ரி.எச்.எல். பதினாறு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடுகிற வருடம் ஓ.எச்.எல் என்கிற ஜூனியர் லீக்கின் தெரிவு, அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைப் பெயர் சொல்லி எடுப்பது. அங்கே பதினாறிலிருந்து இருபது வயதுவரை, ஒரு சீசனுக்கு 68 ஆட்டம், ஊரூராகப் பஸ் பயணம். பதினெட்டில் என்.எச்.எல் தெரிவு: ஏழு சுற்று, 32 அணி, மொத்தம் 224 பெயர். பெயர் வந்தவர்களிலும் பலர் உடனே மேலே போவதில்லை, அதற்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல்லில் இரண்டு மூன்று வருடம் சமைய வேண்டும்.

இந்த இடத்தில் பழைய ஆலோசனை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: “ஓ.எச்.எல் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிக் கதவு மூடிவிடும்.” முன்பு அது உண்மை. 2024 நவம்பரில், அந்தப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ விதியை மாற்றியது; 2025 ஓகஸ்டிலிருந்து ஓ.எச்.எல் ஆடியவரும் அங்கே போகலாம். பழைய கதையைக் கேட்டுப் பதினைந்து வயதில் பிள்ளையின் வழியைக் குறுக்கிவிடாதீர்கள்.

என் மகனைப் பதினைந்தில் ஓர் அணி வெட்டியது. அரங்கக் கதவில் ஒட்டிய தாளில் அவன் இலக்கம் இல்லை, அவ்வளவுதான். உயரம் போதாது என்று யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்கள். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை, நானும்தான். நான் செய்த பிழை, அடுத்த நாளே அவனுக்கு முன்னால் தொலைபேசியில் அந்தக் கோச்சைத் திட்டியது. பிள்ளைக்குத் தோல்வியை விட அது பாரமாக இருந்திருக்கிறது; பிறகுதான் சொன்னான்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று: பின்கள வீரன் பிந்தி விளைகிறவன். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். முன்கள வீரன் தென்னை, இவன் பனை. முன்னுக்கு நிற்கிறவன் ஒரு பிழை விட்டால் பின்னால் ஆள் இருக்கிறது. இவன் விட்டால் கோலி மட்டும்தான். எது எப்போது வரும் என்று நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் அடி வாங்கித்தான் படிக்கிறான். என்.எச்.எல்லில்கூடப் பின்கள வீரன் பழுக்க 300 ஆட்டம் வேண்டும் என்று சொல்வார்கள்.

நம்பாவிட்டால் ஆட்களைப் பாருங்கள். மார்க் ஜியோர்டானோ ரொறன்ரோப் பிள்ளை. என்.எச்.எல் தெரிவில் அவர் பெயரை எந்த அணியும் கூப்பிடவில்லை. கல்கரி கோடை முகாமுக்கு அழைத்தது, ஏ.எச்.எல்லில் ஆடினார், ஒப்பந்தம் சரிவராமல் ஒரு சீசன் மொஸ்கோவுக்குப் போய் ஆடினார், திரும்பி வந்தார், கல்கரியின் தலைவரானார். சிறந்த பின்கள வீரருக்கான நோரிஸ் விருது 2019-இல் கிடைத்தபோது அவருக்கு 35 வயது. சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமை 1989-இல் டெற்றோயிற் எடுத்தது மூன்றாம் சுற்றில், 53-ஆவது ஆளாக. முதல் நோரிஸ் 31 வயதில். கடைசி, ஏழாவது, 41 வயதில்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கிறிஸ் டனெவ். இவரும் ரொறன்ரோ, இவரையும் யாரும் தெரிவில் எடுக்கவில்லை. இளம் வயதில் உடம்பு சின்னது என்று ஒதுக்கப்பட்டவர். நம்மாட்கள் நிறைந்திருக்கிற மார்க்கத்தில் ஜூனியர் அணிக்கு ஆடினார், பிறகு அமெரிக்காவில் ரொச்செஸ்ரரில் ஒரு வருடம் பல்கலைக்கழக ஹொக்கி, 2010-இல் வன்கூவர் ஒப்பந்தம் செய்தது. கோலுக்கு ஒன்று, கோலுக்குக் கொடுத்த பாஸுக்கு ஒன்று என்று புள்ளி எண்ணுவார்கள்; என்.எச்.எல்லில் ஒரு சீசனிலும் அவர் 30 புள்ளியைத் தொட்டதில்லை. என் பழைய கொப்பியில் அவர் பெயர் இருந்தால் வெறும் பக்கம்தான். ஆனால் எதிரி அடிக்கிற பக்குக்குக் குறுக்கே உடம்பைப் போடுவார், மூலையிலிருந்து பக்கை அலட்டாமல் வெளியே எடுப்பார். 2024-இல், 34 வயதில், லீஃப்ஸ் அவருக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தது, வருடம் சராசரி 45 இலட்சம் டொலர். கோல் போடாத மனிதருக்கு!

விதிவிலக்கு உண்டு. பொபி ஓர் 20 வயதில் முதல் நோரிஸ் எடுத்தார், தொடர்ந்து எட்டு வருடம் எடுத்தார். ஆனால் முழங்கால் போய், முப்பது வயதில் ஆட்டமே முடிந்தது. கேல் மக்கார் 23 வயதில் எடுத்தார். உங்கள் பிள்ளை மக்கார் என்றால் இதை வாசிக்கத் தேவையில்லை, உங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். ஹொக்கி கனடா 2013-இல் பதின்மூன்று வயதுக்குக் கீழே உடம்பால் மோதுவதை நிறுத்தியது. நல்ல வேலை. ஆகவே பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து வாங்கிலிலிருந்து “இடி, இடி” என்று கத்துகிற அப்பாக்கள் வாயை மூடிக்கொள்ளலாம். நானும் கத்தியவன்தான். மோதுகிற வயது வந்த பிறகும் முதலில் படிக்க வேண்டியது மோதலை வாங்குவது: சுவரிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி நிற்காதே, ஒட்டி நில், தோளைக் கொடு, தலையைக் குனியாதே. தலையில் அடிபட்டு ‘ஒன்றுமில்லை’ என்கிற பிள்ளையை அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. வைத்தியர் விடும்வரை வீட்டில் இருக்கட்டும். ஓர் ஆட்டம் போனால் போகட்டும்.

காசு விஷயம் சுருக்கமாக. ட்ரிபிள் ஏ வரை போனால் வருடம் ஆயிரக்கணக்கில் போகும், நல்ல மட்டை ஒன்றே 300 டொலரைத் தாண்டும், அது ஒரு மாதத்தில் முறியும். இதை முதலீடு என்று நினைத்தால் பைத்தியம் பிடிக்கும். மேலே போனவனுக்குச் சம்பளம் உண்டு, 2025-26 சீசனில் என்.எச்.எல்லின் ஆகக் குறைந்த சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். ஆனால் தொடக்க ஒப்பந்தங்களில் அநேகமாக இரண்டு விலை இருக்கும்: மேலே ஆடினால் ஒரு சம்பளம், ஏ.எச்.எல்லுக்கு இறக்கினால் அதில் ஒரு சிறு துண்டு. ஒரே மாதத்தில் இரண்டு ஊரில் பெட்டி கட்டுகிற வாழ்க்கை. ஓ.எச்.எல்லில் ஆடுகிற காலத்துக்குப் படிப்புச் செலவு கொடுக்கிறார்கள்; கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள். மற்றப் பக்கங்களை முகவர் வாசிப்பார்.

என் மகன் என்.எச்.எல்லுக்குப் போகவில்லை, ஓ.எச்.எல்லுக்கும் போகவில்லை. இப்போது படிப்பு, வேலை, வெள்ளி இரவு பதினொன்றரைக்கு நண்பர்களோடு ஆட்டம். இன்னமும் டிபென்ஸ்தான். கார் ஓட்டும்போது பாதை மாற முதல் இரண்டு தோளுக்கு மேலாலும் பார்க்கிறான். ஓட்டுநர் பரீட்சையில் முதல் தரமே சித்தி.

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு தகப்பன், ஒன்பது வயது மகனோடு வந்தார். “அண்ணை, நல்ல ஆழமாப் பிடியுங்கோ, இண்டைக்கு முக்கியமான மட்ச்.” நான் பொடியனைப் பார்த்து, “முன்னுக்கோ, பின்னுக்கோ?” என்று கேட்டேன். அவன் தகப்பனை ஒருக்கால் பார்த்துவிட்டு, மெல்ல, “டி” என்றான். “எப்போதும் என்ன பிடிக்கிறது?” “அரை.”

அரை அங்குலமே பிடித்தேன். விளிம்பில் காசை வைத்து இரண்டு பேருக்கும் காட்டினேன், ஆடாமல் நின்றது. தகப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் பொடியன் ஸ்கேற்றை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான்.